நாய்க்குப் பூச்சி மருந்து: பாணியா, குளிசையா, மாட்டு ஊசியா?

வன்னியில் மாடு நிற்கும் வளவுகளில் எப்படியும் ஒரு ஐவர்மெக்டின் போத்தல் கிடக்கும். நாய்க்குப் பூச்சி என்றதும் கை முதலில் போவது அதற்குத்தான். எனவே அதையே முதலில் கழித்துவிடுவோம். மாட்டு ஊசியில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அது 50 கிலோ எடைக்கான அளவு. அதே கணக்கில் 2 கிலோக் குட்டிக்கு ஒரு சொட்டுக்கூட வராது. ஊசியால் இழுத்து வாயில் விடுகிறவர் அரை மில்லியாவது விட்டுவிடுவார், அதாவது பத்து மடங்குக்கு மேல். எச்சில் வடியும், கால் தள்ளாடும், கண் தெரியாமல் போகும். கோலி போன்ற இனங்களில் சில நாய்களுக்குப் பரம்பரைக் குறையால் மிகக் குறைந்த அளவே மூளையைத் தாக்கும். நம் கலப்பு நாயின் பாட்டன் யாரென்று யாருக்குத் தெரியும்? இத்தனைக்கும் அந்த மருந்து நாடாப்புழுவைத் தொடவே தொடாது.

பார்மசியில் மனிதருக்கு விற்கும் குளிசைகள் இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மெபென்டசோலை நாய்க்குப் பல நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். சில நாய்களில் ஈரலைக் கெடுக்கும். அல்பென்டசோல் எலும்பு மச்சையைப் பாதிக்கக்கூடியது. வேப்பிலை, பாகற்காய், பப்பாசி விதை எல்லாம் கொடுத்த ஆளுக்குத்தான் திருப்தி. உள்ளி மட்டும் வேண்டவே வேண்டாம். அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கொழுக்கிப்புழு ஏற்கெனவே இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும் குட்டிக்கு அது இரட்டை அடி.

உண்மையான போட்டி பைரன்டெல் பாணிக்கும் கூட்டுக் குளிசைக்கும்தான்.

குட்டிக்கு என் தேர்வு பாணி. பைரன்டெல் குடலிலிருந்து உடம்புக்குள் அதிகம் ஏறாது, அதனால் இரண்டு வாரக் குட்டிக்கும் கொடுக்கலாம். வட்டப்புழுவையும் கொழுக்கிப்புழுவையும் முடக்கிப் போடும். அடுத்த நாள் மலத்தில் வெள்ளையாகச் சுருண்டு, சிலது இன்னும் நெளிந்துகொண்டு, வெளியே வரும். பார்க்க அருவருப்புத்தான், ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். குடலுக்கு வெளியே உடம்பில் ஒளிந்திருக்கும் இளம்புழுக்களை அது எட்டாது. ஆகவே 2, 4, 6, 8 வாரங்களில் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும், அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அந்த நாட்களில் தாய்க்கும் சேர்த்தே கொடுங்கள். வட்டப்புழு வயிற்றுக்குள்ளேயே குட்டிக்குப் போய்விடும், கொழுக்கிப்புழு பாலில் போகும்.

வளர்ந்த நாய்க்குக் கூட்டுக் குளிசை. பைரன்டெல், பிராசிகுவான்டெல், ஃபெபான்டெல் மூன்றும் சேர்ந்த குளிசை வழக்கமாகப் பத்துக் கிலோவுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாட்டைப்புழுவும் நாடாப்புழுவும் இதற்குத்தான் அடங்கும், பாணிக்கு அடங்காது. குளிசை கொடுத்தும் ஒன்றும் வெளியே வரவில்லை என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. பிராசிகுவான்டெல் பட்ட நாடாப்புழு குடலுக்குள்ளேயே செரித்துப்போகும், கண்ணுக்குத் தெரியாது. வயிற்றில் குட்டி இருக்கும் நாய்க்கு இந்தக் குளிசையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அதற்கு ஃபென்பென்டசோல் இருக்கிறது. கருவுற்ற நாற்பதாம் நாளிலிருந்து நாள்தோறும் கொடுத்தால் குட்டிகளுக்குப் போகும் புழு வெகுவாகக் குறையும். அளவை மிருக வைத்தியர் சொல்லட்டும்.

எந்த மருந்தானாலும் எடை தெரியாமல் கொடுப்பதில் பயனில்லை. நெல் நிறுக்கும் தராசு போதும்: நாயை உரப்பையில் கழுத்து வெளியே தெரிய இறக்கித் தூக்கினால் முறைத்துக்கொண்டு நிற்கும், ஆனால் எடை கிடைத்துவிடும்.

மருந்தையும் வளவுச் சுத்தத்தையும் ஒப்பிட்டால் நான் சுத்தத்துக்கு ஒரு படி கூடக் கொடுப்பேன். மாரி மழையில் ஊறிய மண்ணில் கொழுக்கிப்புழுவின் முட்டை ஓரிரு நாளில் பொரித்து, ஒரு வாரமளவில் காலடித் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும். நாயின் கால், பிள்ளையின் வெறுங்கால் என்று அது பார்ப்பதில்லை. இலங்கையின் பெயரையே தாங்கிய அன்சைலோஸ்டோமா சிலானிக்கம் என்ற கொழுக்கிப்புழு மனிதக் குடலிலும் வளர்ந்து முட்டை போடும். வட்டப்புழு முட்டை தொற்றும் நிலைக்கு வர இரண்டு வாரமாவது வேண்டும், அதற்குப் பிறகு மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். தினமும் மலத்தை மண்வெட்டியால் அள்ளிக் கிணற்றுக்குத் தூரமாக ஆழப் புதைத்தால் இரண்டுக்கும் வழியடைபடும்.

பல்முரசு வெளுத்து, மலம் தார் நிறத்தில் போகும் குட்டியை வீட்டில் வைத்துப் பரிசோதிக்காமல் அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஆடு அடித்த அன்று குடலைப் பச்சையாக எறியாமல் அவித்துப் போடுங்கள். குளிசை கொடுத்து மூன்று வாரத்தில் வாலடியில் அரிசி மணி போலத் துண்டுகள் மறுபடி ஒட்டியிருந்தால் குளிசையைக் குறை சொல்ல வேண்டாம். தெள்ளை விழுங்கித்தான் அந்த நாடாப்புழு நாய்க்குள் போகிறது. படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு, தெள்ளுக்கு மருந்து வாங்குங்கள்.