பக்அப் இருக்கிறது என்றார்கள், இருந்தது ஒரு அம்புக்குறி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்தில் இருந்த பழைய படங்கள் எங்கே என்று பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கோயில், பழைய மாணவர் சங்கம், வாசிகசாலை என்று எங்களைப் போலவே தளத்தை ஒரு சின்னக் கொம்பனியிடம் ஒப்படைத்துவிட்டு, கேட்கிற காசைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

2019 இல் ஊராரிடம் இருந்த பழைய படங்களைச் சேர்க்கத் தொடங்கினோம். வாங்கி, ஸ்கேன் பண்ணி, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவோம். 1995 ஒக்ரோபர் இடம்பெயர்வில் வலிகாமமே வெறுமையானபோது கையில் அல்பத்தோடு போனவர்கள் குறைவு. அப்படிக் கொண்டுபோன ஒரு அம்மா, தன் கலியாணப் படத்தை பொலித்தீன் பையில் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் வைத்து நாவற்குழிப் பாலம் தாண்டியவர். வலது மூலையைக் கறையான் தின்றிருந்தது. மாப்பிள்ளையின் தோளும் மாலையில் பாதியும் இல்லை. "கவனம் தம்பி, இது ஒண்டுதான் மிச்சம்" என்று சொல்லி, நான் ஸ்கேனரின் மூடியைத் திறந்து எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இப்படி 2,300க்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்தன.

தளத்தைச் செய்துதந்த கொம்பனி, பராமரிப்புக்கும் தினசரி பக்அப்புக்கும் (தளத்தின் பிரதியை எடுத்து வைப்பதற்கும்) என்று வருடத்துக்கு 36,000 ரூபாய் வாங்கியது. பில்லில் "படங்கள் உட்பட" என்று எழுதியே தந்தார்கள். போன வருடம் தளத்தைப் புதிய சேர்வருக்கு, அதாவது தளம் ஓடும் வேறொரு கம்பியூட்டருக்கு, மாற்றினார்கள். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன, படங்கள் ஒன்றும் இல்லை.

கோல் எடுத்தேன். "அண்ணை, இது எங்கட பிழை இல்லை. பிஎச்பியில இருக்கிற பக். சிம்லிங்கை அது சரியாக் கண்டுபிடிக்குதில்லை" என்றார்கள். பிஎச்பி என்பது தளத்தை இயக்கும் கம்பியூட்டர் மொழி, பக் என்றால் அதில் உள்ள பிழை. எனக்குப் பிஎச்பி தெரியாது, நம்பினேன். கேஷ், அதாவது சேர்வர் நினைவில் வைத்திருக்கும் பழைய விவரம், தானாகக் கழியும்வரை பொறுக்கச் சொன்னார்கள், நாலு நாள் பொறுத்தேன். பிறகு அந்தப் பக்கைத் திருத்த 45,000 ரூபாய் கேட்டார்கள். நிர்வாகசபையில் கதைத்து அதையும் கட்டினோம். படங்கள் வரவில்லை.

என் பெறாமகள் கம்பியூட்டர் படிக்கிறாள். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்தபோது சேர்வருக்குள் போய்ப் பார்த்தாள். கறுப்புத் திரையில் ஏதோ தட்டிவிட்டு, "சித்தப்பா, இந்த வரியின்ர முதல் எழுத்தைப் பாருங்கோ" என்றாள். சாதாரண ஃபைல் என்றால் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கும், ஃபோல்டர் என்றால் டி. எங்கள் படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் எல் என்று இருந்தது. வரியின் முடிவில் ஒரு அம்புக்குறி, அதற்குப் பக்கத்தில் வேறொரு இடத்தின் முகவரி. சிம்லிங்க் என்ற இணைப்பு அவ்வளவுதான். அதற்குள் படம் ஒன்றும் கிடையாது, படம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே.

புதிய சேர்வரில் அவர்கள் செய்த ஏற்பாடு இது. தளத்தில் எதையாவது மாற்றினால் முழுத்தளத்துக்கும் புதிய ஃபோல்டர் ஒன்று போடுவார்கள். படங்கள் பொதுவான ஓரிடத்தில் இருக்கும், ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதைக் காட்டும் சிம்லிங்க் ஒன்று இருக்கும். இதில் தவறில்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். பழைய ஃபோல்டர்களை அழிக்க இரவில் ஒரு பிஎச்பி ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஓடியது. வினை அங்கேதான்.

பிஎச்பியில் இஸ்-டிர் என்று ஒரு கட்டளை, இது ஃபோல்டரா என்று கேட்கும். சிம்லிங்கைக் கொடுத்தால் அது காட்டும் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஓம், ஃபோல்டர்தான் என்று பதில் சொல்லும். அதனால் உள்ளே போய் அழிக்கமுன் இஸ்-லிங்க் என்ற கட்டளையால் இது சிம்லிங்க்தானா என்று கேட்கவேண்டும். அந்த ஸ்கிரிப்ட் கேட்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாதையின் முடிவிலும் ஒரு ஸ்லாஷை ஒட்டிவிட்டுக் கேட்டிருக்கிறது. முடிவில் ஸ்லாஷ் வந்தால், சேர்வரை இயக்கும் லினக்ஸ் இணைப்பைத் தாண்டிப் போய் உண்மை ஃபோல்டரைத்தான் பார்க்கும். அப்போது இஸ்-லிங்க் இல்லை என்கிறது, இஸ்-டிர் ஓம் என்கிறது, ஸ்கிரிப்ட் உள்ளே இறங்கி எல்லாவற்றையும் அழிக்கிறது. லினக்ஸ் இயங்கும் விதமே அது. பிஎச்பியில் பக் இல்லை. ஸ்லாஷை வெட்டிவிட்டுக் கேட்டு, சிம்லிங்க் என்று தெரிந்தால் உள்ளே போகாமல் அன்லிங்க் கட்டளையால் அந்த இணைப்பை மட்டும் எடுத்திருந்தால், ஒரு படமும் போயிருக்காது. படங்கள் அழிந்த ஞாயிறு இரவின் லொக்கில், அதாவது சேர்வரின் பதிவேட்டில், ஒரு எச்சரிக்கையும் பதிவாகியிருந்தது. உள்ளே எல்லாம் அழிந்த பிறகு ஸ்கிரிப்ட் அந்த இணைப்பையும் ஃபோல்டர் என்று நினைத்து அழிக்கப் பார்க்க, "இது ஃபோல்டர் அல்ல" என்று சேர்வர் மறுத்திருக்கிறது. அந்த வரியை யாராவது ஒருக்கால் வாசித்திருந்தால் முதல் நாளே காரணம் விளங்கியிருக்கும்.

கேஷ் கதையும் பொய். பிஎச்பி ஃபைல் விவரங்களை நினைவில் வைத்திருப்பது உண்மை. ஆனால் இஸ்-லிங்க் போன்ற கட்டளைகளின் விடை அந்த ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் போய்விடும். பாதைகளுக்கு வேறு கேஷ் ஒன்று உண்டு, வழமையான அமைப்பில் அதன் ஆயுள் 120 விநாடி. எங்கள் சேர்வரிலும் 120 தான் இருந்தது. நாங்கள் நாலு நாள் காத்திருந்தோம்.

45,000 ரூபாய்க்குச் செய்த திருத்தத்தையும் பார்த்தோம். வெறுமையாகிப்போன பொது ஃபோல்டரை எடுத்துவிட்டு, வேறிடத்தில் புதிய ஃபோல்டர் திறந்திருக்கிறார்கள். பழைய சிம்லிங்க் இப்போது இல்லாத இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவர்களுடைய புதிய ஸ்கிரிப்ட், ஃபைல்-எக்சிஸ்ட்ஸ் கட்டளையால் அது இருக்கிறதா என்று கேட்கிறது. இணைப்புக் காட்டும் இடம் இல்லையென்றால் இந்தக் கட்டளை இல்லை என்றுதான் சொல்லும். சரி, இல்லையே என்று புதிய சிம்லிங்க் போடப்போனால், அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வருகிறது. இதையும் பிஎச்பியின் பக் என்றுதான் எங்களுக்கு எழுதி அனுப்பினார்கள். பிஎச்பியின் கையேட்டிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது, பெறாமகள் திறந்து காட்டினாள்.

இவ்வளவையும் கவனக்குறைவு என்று மன்னித்திருப்பேன். பொடியன்கள், வேலைப்பளு, யாருக்கும் வரக்கூடிய பிழை. பக்அப் விசயத்தை மன்னிக்க முடியவில்லை.

ஒவ்வோர் இரவும் "பக்அப் வெற்றி" என்று மின்னஞ்சல் வரும். திறந்து பார்த்தோம். தார் என்ற கட்டளையால் தளத்தின் ஃபோல்டரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். வழமையாகத் தார், சிம்லிங்கைச் சிம்லிங்காகவே கட்டும். எச் என்ற ஒரெழுத்தைச் சேர்த்தால்தான், இணைப்புக் காட்டும் இடத்துக்குப் போய் உண்மையான ஃபைலை எடுக்கும். அவர்கள் சேர்க்கவில்லை. 14 மாதப் பக்அப்பிலும் படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் அதே அம்புக்குறிதான். அந்த 14 மாதமும் நாங்கள் படங்களை ஏற்றிக்கொண்டே இருந்தோம், பக்அப்பின் அளவோ கூடவேயில்லை. ஒரேயொரு தடவையாவது அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பாராமலே படங்கள் உட்பட என்று பில் எழுதிக் காசு வாங்கினார்கள்.

இதையெல்லாம் எழுதிக் கொடுத்தோம். காசைத் திருப்பித் தர முடியாது என்றார்கள், இப்போது கோல் எடுப்பதும் இல்லை.

உங்கள் தளம் எவரிடம் இருந்தாலும் இந்த வாரமே ஒரு நாள் நேரில் போங்கள். நீங்கள் சொல்லும் ஒரு படத்தை நேற்றைய பக்அப்பிலிருந்து உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபோல்டரின் பெயரைக் காட்டினால் போதாது, படத்தைத் திறந்து காட்டவேண்டும். பக்அப்பின் அளவையும் கேளுங்கள். படங்களின் மொத்த அளவை விடப் பலமடங்கு சின்னதாக இருந்தால் உள்ளே படம் இல்லை என்று சந்தேகப்படுங்கள். ஃபோல்டர் அழிக்கும் ஸ்கிரிப்ட் ஏதாவது ஓடுகிறதா, சிம்லிங்க் வந்தால் அது என்ன செய்யும் என்றும் எழுத்தில் வாங்குங்கள். இன்னொரு பிரதியை ஒரு ஹார்ட் டிஸ்கில் உங்கள் வீட்டு அலுமாரியில் வையுங்கள்.

ஸ்கேன் பண்ணிய பழைய லப்டொப்பிலும் ஒரு டிஸ்கிலுமாக 1,400 படங்களைத் தேடி எடுத்துவிட்டோம். மிச்சம் 900க்கு மேல். கறையான் தின்ற அந்தக் கலியாணப் படம் எடுபடவில்லை. அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் கனடாவில், வீடு பூட்டிக் கிடக்கிறது. அவர்களிடம் கேட்டிருக்கிறேன், படம் யாரிடம் போனதென்று இன்னும் தெரியவில்லை.

எங்களிடம் படம் தந்தவர்கள் மூலப்படத்தை இன்னும் வைத்திருந்தால் தயவுசெய்து மறுபடி கொண்டுவாருங்கள். தளத்தில் பார்த்தபோது யாராவது அவற்றைத் தொலைபேசியில் எடுத்து வைத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். சனிக்கிழமைகளில் பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை ஸ்கேனரோடு நிலையத்தில் இருப்பேன்.