காலி வீடுகளைக் கணக்கிடும் ஒரு தரவுச் சேவை: மூன்று மாதப் பயன்பாட்டுக்குப் பின்

தவணை தவறியதால் வங்கி கைப்பற்றிய வீடுகளையும், வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் ஒரே திரையில் காட்டும் தரவுச் சேவை ஒன்றை, மாதச் சந்தா செலுத்தி மூன்று மாதங்கள் பயன்படுத்தினேன். தேடல் வேகமானது, வரைபடமும் தெளிவாக உள்ளது. ஆனால் வீட்டுச் சந்தையின் மந்தநிலையைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான இடத்திலேயே இது சறுக்குகிறது. நான் திறந்து பார்த்த ஒரு வீட்டின் பக்கத்தில் ஏல அறிவிப்பும் ‘வாடகைக்குக் காலி’ என்ற குறியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. வங்கியின் கையில் முடங்கிய வீட்டை யார் வாடகைக்கு எடுப்பது?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை காலாண்டுதோறும் இலவசமாக வெளியிடும் அட்டவணைகளில் வாடகைக்குக் காலியாக உள்ள வீடுகளும் விற்பனைக்குக் காலியாக உள்ள வீடுகளும் தனித்தனியாகவே உள்ளன. 2009ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அங்கு வாடகை வீடுகளின் காலி விகிதம் 11.1 சதவீதத்தைத் தொட்டது. வீட்டை இழந்தவர்கள் வாடகைக்கு வருவதால் அந்த விகிதம் குறையும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வேலையிழந்தவர்கள் உறவினரோடு சேர்ந்து குடியிருக்கத் தொடங்குவதும், விற்க முடியாத உரிமையாளர்கள் தங்கள் வீடுகளை வாடகைக்கு விட முன்வருவதும் அந்தக் கணக்கைப் புரட்டிப்போட்டுவிடுகின்றன. இந்த இழுபறியை, காலி வீடுகளையெல்லாம் ஒன்றாகக் காட்டும் சேவையின் ஒற்றைச் சிவப்புக் கோடு முழுமையாக மறைத்துவிடுகிறது.

ஏல நாட்களை வீடுவாரியாகத் தருவது பாராட்டத்தக்கது. அதற்காக ஒரு மாதச் சந்தா செலுத்தலாம். ஆண்டுச் சந்தாவுக்கு மாறும்படி வந்த அழைப்பை நான் ஏற்கவில்லை.