பத்து மாவுங் பட்டறையில் படகு டிரெய்லருக்கு பேரிங் மாற்றம்
பினாங்கு பத்து மாவுங்கில் உள்ள இந்தச் சிறிய பட்டறையில் என் படகு டிரெய்லரின் சக்கர பேரிங்குகளை மாற்றினேன். வேலை திருப்தியாக இருந்தது. ஓடிச் சூடேறிய ஹப் (பேரிங் அமர்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) கடல்நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த சீல் (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) வழியே உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், பழைய சீலையே திரும்பப் போடும் வழக்கம் இங்கே இல்லாதது பெரிய நிம்மதி. ஹப்பில் இருந்த பேரிங்கின் வெளிவளையங்களையும் தட்டி எடுத்துப் புதியவற்றைப் பொருத்திய பட்டறைக்காரர், உருளைகளின் இடுக்கெல்லாம் நிறையும்படி நீரைத் தாங்கும் மரைன் கிரீஸை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் திணித்தார். சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, நட்டு கழலாமல் பிடிக்கும் புதிய காட்டர் பின்னைச் செருகினார் (இறுக்கமாகவே விட்டிருந்தால் பேரிங் சூடேறிக் கெட்டிருக்கும்). பேசிய கூலிக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கேட்கவில்லை. ஆனால், சனிக்கிழமைகளில் வெகுநேரம் காத்திருக்க நேரிடும்; ரசீதில் பேரிங் எண்ணையும் நாமே கேட்டுத்தான் எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.