பைஎன்வி: ஒரே கணினியில் பல பைதான்கள்

பைதான் நிரல்மொழியின் 3.12 பதிப்பு வெளியானபோது, தொகுப்புகளைக் கட்டி நிறுவுவதற்காக நெடுங்காலம் அதனுடனேயே வந்துகொண்டிருந்த டிஸ்ட்யூட்டில்ஸ் தொகுதி நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய தொகுப்புகள் பல புதிய பதிப்பில் நிறுவும்போதே நின்றுவிடுகின்றன. புதிதாக எழுதப்படும் திட்டங்களோ புதிய பதிப்பையே கேட்கின்றன. இரண்டு வகையையும் ஒரே கணினியில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, பல பைதான் பதிப்புகளை நிறுவி வேண்டியதைத் தேர்ந்தெடுக்க உதவும் பைஎன்வி. ரூபி மொழிக்கு இதே வேலையைச் செய்யும் ஆர்பிஎன்வியிலிருந்து கிளைத்த இந்தக் கட்டற்ற மென்பொருள் லினக்ஸிலும் மேக்கிலும் இயங்குகிறது.

இயங்குதளத்தோடு வந்த பைதானை இது தொடுவதே இல்லை என்பதுதான் எனக்கு முதன்மையான காரணம். உபுண்டுவில் அந்தப் பைதானை மாற்றப்போய் டெர்மினலே திறக்காமல் தவித்தவர்கள் பலர். பைஎன்வி நிறுவும் பதிப்புகள் அனைத்தும் பயனரின் சொந்த அடைவுக்குள் தனித்தனியாக இருப்பதால் நிர்வாகி அனுமதி தேவையில்லை. வேண்டாதபோது அழிப்பதும் எளிது.

இது வேலை செய்யும் முறையில் ஒளிவுமறைவு கிடையாது. 'ஷிம்' எனப்படும் சிறு ஸ்கிரிப்டுகள் நிறைந்த அடைவு ஒன்று, கட்டளைகளை எந்தெந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் பாத் மாறியின் முன்வரிசையில் சேர்க்கப்படுகிறது. பைதான் என்று தட்டியவுடன் அந்த ஷிம்தான் முதலில் இயங்கி, நடப்பு ஷெல்லுக்கென (டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் நிரலுக்கென) ஏதேனும் பதிப்பு குறிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்து, இல்லையெனில் நாம் நிற்கும் அடைவிலும் அதன் மேலடைவுகளிலும் பதிப்பு எண் எழுதிய சிறு கோப்பைத் தேடி, அதுவும் இல்லாதபோது மட்டுமே பொதுப் பதிப்பை எடுத்துக்கொள்கிறது. 'பைஎன்வி வெர்ஷன்' என்று கேட்டால் 3.11.9 என்ற எண்ணோடு நிற்காமல், அந்த முடிவு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்பதையும் முழு முகவரியோடு காட்டுகிறது. குழப்பமான நேரங்களில் இந்த ஒரு வரி மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல. பதிப்பு எண் உள்ள கோப்பைத் திட்டத்தின் நிரலைக் குழுவாகப் பகிரும் கிட் களஞ்சியத்திலேயே சேர்த்துவிட்டால், குழுவில் பைஎன்வி வைத்திருக்கும் அனைவருக்கும் அதே பதிப்பு தானாகத் தேர்வாகிவிடும்.

குறை என்றால் நிறுவலைத்தான் சொல்ல வேண்டும். பைஎன்வி பொதுவாகப் பைதானை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்கிறது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், கம்பைலரும் சில நூலகங்களின் மேம்பாட்டுத் தொகுப்புகளும் முன்கூட்டியே இருக்க வேண்டும். பாதுகாப்பான இணைய இணைப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் இல்லாவிட்டால் நிறுவல் பிழையோடு நின்றுவிடும், அது நல்லதே. ஆனால் சி மொழி நூலகங்களை அழைக்க உதவும் லிப்எஃப்எஃப்ஐ இல்லாதபோது ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டு நிறுவல் முடிந்துவிடுகிறது. அந்த வரியைக் கவனிக்காதவர், பின்னர் லிப்எஃப்எஃப்ஐயைச் சார்ந்த சிடைப்ஸ் தொகுதி தேவைப்படும் ஏதோவொரு தொகுப்பை நிரலில் இம்போர்ட் செய்யும்போதுதான் விபரீதத்தை உணர்வார். ஆகவே பைஎன்வியின் ஆவணத்தில் உள்ள சார்புப் பட்டியலை முழுவதுமாக நிறுவிய பிறகே முதல் பதிப்பை நிறுவத் தொடங்குங்கள்.

கம்பைல் செய்யக் காத்திருக்க விரும்பாதவர்களுக்கு, ஆயத்தமாகக் கட்டப்பட்ட பைதானை நொடிகளில் இறக்கித் தரும் யுவி என்ற கருவி இப்போது நல்ல மாற்று. கட்டமைப்பு விருப்பங்களைத் தாமே தீர்மானிக்க வேண்டியவர்களுக்குப் பைஎன்வியே பொருத்தம். விண்டோஸுக்குப் பைஎன்வி-வின் என்ற தனித் திட்டம் உண்டு.

பழைய பதிப்பு ஒன்றை நீக்கும் முன், அதன்மீது உருவாக்கிய மெய்நிகர் சூழல்கள் (ஒவ்வொரு திட்டத்துக்கும் தொகுப்புகளைத் தனியே வைத்திருக்கும் அடைவுகள்) எவையெனப் பார்த்துக்கொள்ளுங்கள். பதிப்பு போனால் அவையும் இயங்காது, வேறு பதிப்பில் மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும்.