மோட்டார்ஹோமில் கார்பெட்டை எடுத்துவிட்டு வினைல் தரை: நான்கரை வருட அனுபவம்

2018-இல் நாங்கள் வாங்கிய மோட்டார்ஹோம், அதாவது படுக்கையும் அடுப்படியும் உள்ளேயே இருக்கும் ஓடும் வீடு, 2005 மாடல். ஃபோர்டு ஈ-450 சேஸியில், அதாவது அந்த வண்டியின் அடிச்சட்டத்தின்மேல், கட்டிய 29 அடி வண்டி. ஓட்டுநர் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் சி வகை. சோபாவும் சாப்பாட்டு மேசையும் இருக்கும் பக்கம் ஸ்லைடு, அதாவது பொத்தானை அழுத்தினால் அந்த அறைத்துண்டு மூன்றடி வெளியே நகரும். அடுப்படியும் கதவோரமும் தவிர வண்டி முழுக்க வெளிர்பழுப்பு நிறத்தில் கார்பெட். முதல் சொந்தக்காரர் இரண்டு நாய்கள் வளர்த்தவர்.

என் மகளுக்குத் தூசி ஒவ்வாமை உண்டு. அரிசோனாவில் எங்கள் ஃபீனிக்ஸ் வீட்டில் நன்றாக இருப்பவள், வண்டியில் இரண்டாவது இரவே தும்ம ஆரம்பித்துவிடுவாள். "ஏன்ப்பா வண்டிக்குள்ள படுத்தா மட்டும் மூக்கு அடைக்குது?" என்று யூட்டா மாநிலத்து மோவாபில் ஒரு ராத்திரி கேட்டாள். வாடகைக்கு இயந்திரம் எடுத்து வந்து வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு தடவை கார்பெட்டைக் கழுவிப் பார்த்தோம். ஈரம் காய மூன்று நாள் ஆனதுதான் மிச்சம். 2020 பிப்ரவரியில் பிய்த்து எடுத்தேன்.

கார்பெட்டுக்கு அடியில் பஞ்சு மெத்தை போல ஒரு படலம் இருக்கும். அதைச் சுருட்டித் தூக்கியபோது பிளைவுட்டின் மேல் சலித்த மிளகாய்த்தூள் போல ஒரு படுகை. மோவாப், மானுமென்ட் வேலி என்று நாங்கள் போய்வந்த இடங்களின் செம்மண். வாரம் தவறாமல் வாக்யூம் போட்ட தரைக்குக் கீழே அது இருந்தது. விரலால் கோடு இழுத்தால் கோடு நின்றது. மகள் அத்தனை இரவும் அதற்கு ஓரடி மேலேதான் படுத்திருந்தாள் என்று நினைத்தபோது, முதல் வருடமே எடுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

பிய்ப்பது வீட்டில் பிய்ப்பது போல இல்லை. தொழிற்சாலையில் இந்த வண்டிகளுக்கு முதலில் தரை போட்டு, அதன்மேல் கார்பெட் விரித்து, அப்புறம்தான் அலமாரிகளையும் சுவர்களையும் நிறுத்துகிறார்கள். அதனால் கார்பெட் அலமாரிக்கு அடியிலும் ஓடுகிறது. இழுத்தால் வராது. அலமாரியின் அடிவிளிம்பை ஒட்டிக் கூரான கத்தியால் அறுக்க வேண்டும்; பத்தடிக்கு ஒருமுறை கத்தியின் அலகை மாற்ற வேண்டும். பெரிய வேலை ஸ்டேப்பிள் பின்கள்தான். ஸ்லைடின் விளிம்பில் மட்டும் அரை அங்குலத்துக்கு ஒன்று என்று அடித்திருந்தார்கள். திருப்புளியால் நெம்பி, மூக்குக் குறடால் பிடித்து இழுத்து, பாதி உடைந்து உள்ளே நின்றதைச் சுத்தியலால் தட்டி இறக்கி, முழுசாக மூன்று நாள். பெரிய காபி டப்பா ஒன்று நிறைந்தது. முழங்காலுக்குத் தடித்த மெத்தையும், மூக்குக்கு நல்ல முகமூடியும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் அடி சதுரத்துக்கு பிளைவுட் கறுத்திருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன், கேக்கில் இறங்குவது போல இறங்கியது. மேலே இருந்த ஜன்னலின் அடைப்புப் பட்டை காய்ந்து, மழைத் தண்ணீர் சுவருக்குள் வழிந்து கீழே தேங்கியிருக்கிறது. இதைப் பார்க்கும்போது அவசரப்படக் கூடாது. முதலில் ஒழுக்கை நிறுத்தி, மழையோ குழாய்த் தண்ணீரோ அடித்துச் சோதித்துவிட்டு, அப்புறம்தான் மரத்தை வெட்டி மாற்ற வேண்டும். கார்பெட்டாவது ஈரத்தை மேலே விட்டுக் கொஞ்சம் காயவிடும். வினைல், அதாவது பிளாஸ்டிக் தரை, ஈரத்தை உள்ளே பூட்டிவிடும். மரம் அழுகுவது வெளியே தெரியவே தெரியாது. வண்டி முழுவதும், மூலை மூலையாக, ஈரம் காட்டும் கருவியை வைத்துப் பார்த்த பிறகே நான் புதுத் தரையை யோசித்தேன்.

அந்தப் புதுத் தரையை முதல் தடவை நான் தவறாகத் தேர்ந்தெடுத்தேன். இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுவே முக்கியக் காரணம். கடையில் போய் நின்றதும் எல்லோரும் காட்டுவது 5 மில்லிமீட்டர் கனத்தில் வரும் விறைப்பான வினைல் பலகை. ஒன்றின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் செருகி அழுத்தினால் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், தரையின்மேல் மிதப்பது போலக் கிடக்கும். இரண்டு நாளில் போட்டு முடித்தேன். வண்டி அவ்வளவு அழகாக இருந்தது.

அந்தக் கோடையில் நோய்த்தொற்றுக் காலம், எங்கும் போகவில்லை. வண்டி திறந்தவெளி நிறுத்தத்தில் ஸ்லைடை உள்ளே இழுத்த நிலையில் நின்றது. செப்டம்பரில் கதவைத் திறந்தபோது என் மனைவிதான் முதலில் பார்த்தாள். "என்னங்க, இங்க பாருங்க, தரை எழும்பி நிக்குது." குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் இரண்டு பலகைகள் கூரை போலச் சாய்ந்து நின்றன. அதே தரை டிசம்பரில் ஃபிளாக்ஸ்டாஃபில், 7,000 அடி உயரத்தில் பனி விழுந்த இரவில், வேறு இடத்தில் ஒரு நாணயம் நுழையும் அளவு பிளந்தது. ஸ்லைடு உருளை ஏறும் இடத்தில் பூட்டு நாக்குகள் உடைந்திருந்தன.

காரணம் எளிது. வினைல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். வீட்டில் ஏசியும் ஹீட்டரும் வெப்பத்தை ஒரு வரம்புக்குள் வைத்திருக்கும். மிதக்கும் தரையும் சுவரோரம் விட்ட இடைவெளிக்குள் நகர்ந்துகொள்ளும். பூட்டி நிறுத்திய வண்டிக்குள் அப்படி எந்த வரம்பும் இல்லை. போதாததற்கு, மிதக்க வேண்டிய தரையின்மேல் ஸ்லைடின் மொத்த எடையும் நான்கு உருளைகள் வழியாக உட்கார்ந்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. மறுபக்கத்தை நான் ஓரச்சட்டம் வைத்து ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தேன். நீள இடமில்லாத தரை மேலேதான் எழும்பும். பலகைப் பெட்டியின் பின்பக்கத்தில், வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளுக்கு மட்டும் என்று அச்சிட்டே இருந்தது. வாங்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

2021 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு, 2 மில்லிமீட்டர் கனமுள்ள, பசையில் ஒட்டும் மெல்லிய வினைல் பலகையைப் போட்டேன். இன்றுவரை எங்கள் காலடியில் இருப்பது அதுதான். ஒட்டிய ஒவ்வொரு பலகையும் அதனதன் இடத்தில் நிற்பதால், நீட்சி ஒரே மூலையில் போய்ச் சேராமல் எல்லா இணைப்புகளிலும் மயிரிழை மயிரிழையாகப் பங்கிட்டுக்கொள்ளப்படுகிறது.

மெல்லிய வினைலுக்கு அடித்தரை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். பின் பிடுங்கிய துளைகள், பிளைவுட் இணைப்புகள் எல்லாவற்றையும் பூச்சு போட்டு நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். அப்படியும் ஒரு பின்னை விட்டுவிட்டேன். அடுப்புக்கு எதிரே மிளகளவு ஒரு மேடு, காலையில் சாய்வாக வெளிச்சம் விழும்போது தெரியும்.

பசைக்கு ஒரு பக்குவம் உண்டு. ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் இழுத்துப் பரப்பும்போது அது பால் போல வெள்ளையாக இருக்கும். உடனே பலகையை வைக்கக் கூடாது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் வெள்ளை மெல்ல விலகி, கீழே பிளைவுட்டின் ரேகை தெரிய ஆரம்பிக்கும். விரல் வைத்தால் ஒட்ட வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. அந்த நேரத்தில் வைத்து, கை உருளையால் அழுத்தி உருட்டினால் பலகை அசையாது. அவசரப்பட்டு வைத்த முதல் இரண்டு பலகைகளின் ஓரத்தில் பசை பிதுங்கி வந்தது, அவற்றைத் துடைத்தெடுத்து மறுபடி போட்டேன். பலகைப் பெட்டிகளை இரண்டு நாள் முன்பே வண்டிக்குள் வைத்து அந்த வெப்பத்துக்குப் பழக்கிவிட வேண்டும் என்பதும் முக்கியம்.

ஸ்லைடுதான் இந்த வேலையின் உயிர்நாடி. கார்பெட்டும் அடிப்படலமும் சேர்ந்து அரை அங்குலம் இருந்தன. புதுத் தரை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஸ்லைடு இடிக்குமோ என்ற பயம் போனது. ஆனால் அதன் உதட்டுக்கு, அதாவது உள்பக்கத் தரை விளிம்புக்கு, கீழே வெளிச்சம் தெரிந்தது, காற்றும் வந்தது. அந்த உதட்டில் வினைல் பலகை வளையாது. படகு இருக்கைகளுக்குப் போடும் தடித்த வினைல் துணியை இழுத்துச் சுற்றி அடியில் மடித்து, கீழ் விளிம்பில் பழைய கார்பெட்டிலிருந்தே இரண்டு அங்குலப் பட்டை வெட்டித் தொங்கவிட்டேன். காற்று நின்றது. முதல் வருட முடிவில் உருளைத் தடம் இரண்டு கோடுகளாகத் தெரிந்தது. அதிலிருந்து ஸ்லைடை நகர்த்தும் ஒவ்வொரு முறையும், காய்கறி நறுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உருளைக்குக் கீழே செருகிவிடுகிறோம். கோடு அதற்குமேல் ஆழமாகவில்லை.

ஓட்டுநர் பகுதியில் கார்பெட்டை விட்டுவிட்டேன். இந்த வகை வண்டியில் எஞ்சினின் பாதி, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டையும் சத்தத்தையும் தடுக்க அங்கே அச்சில் வார்த்த கனமான கார்பெட் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு வருந்தியவர்களை முகாம்களில் சந்தித்திருக்கிறேன்.

இனி நான்கரை வருடப் பயன்பாடு. பெரிய சோதனை 2023 கோடை. ஜூன் 30-இலிருந்து ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் ஃபீனிக்ஸில் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. வண்டி வெயிலில்தான் நின்றது. உள்ளே வைத்திருந்த வெப்பமானி 136 ஃபாரன்ஹீட் வரை ஏறி இறங்கியதாகக் காட்டியது. ஆகஸ்டில் நெஞ்சு படபடக்கக் கதவைத் திறந்தேன். ஒரு பலகைகூட எழும்பவில்லை. குளிர்காலத்தில் இரண்டு இணைப்புகளில் காகிதம் நுழையும் இடைவெளி தெரியும், வெயில் வந்தால் மூடிக்கொள்ளும்.

தோற்றது ஓர் இடத்தில். ஹீட்டரின் சூடான காற்று வரும் தரைத் துளையை ஒட்டிய இரண்டு பலகைகள் மூன்றாவது குளிர்காலத்தில் மூலை சுருண்டன. சாதாரணப் பசை அந்தச் சூட்டில் இளகிவிடுகிறது. முதலிலேயே அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு கலவை சேர்த்துப் போடும் எபாக்சி பசையைப் பயன்படுத்தியிருக்கலாம். பிறகு அப்படித்தான் மாற்றினேன்.

இன்னொன்று, ரப்பர் அடிப்பாகம் கொண்ட மிதியடி. கதவருகே ஒன்று போட்டிருந்தோம். எட்டு மாதம் கழித்து எடுத்தால் அதே வடிவத்தில் மஞ்சள் கறை. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, போகவும் போகாது. ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் ஊறி நிறத்தை மாற்றிவிடுகிறது. இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதன் பிறகு ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பவானி ஜமக்காளத்தைத்தான் விரிக்கிறோம். வெளியே எடுத்து உதறலாம், கையால் துவைக்கலாம், காலுக்கும் இதம்.

சமையல் பற்றிக் கேட்பீர்கள். ஓடும் வண்டியில் மூடி கழன்று ஒரு பாத்திரம் சாம்பார் தரையில் கொட்டியது. துடைத்த பின்னும் மஞ்சள்தூளின் கறை லேசாகத் தங்கியது. மஞ்சள்தூளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. திரையை விலக்கிவிட்டோம், நாலைந்து நாளில் மறைந்தது. கார்பெட்டாக இருந்தால் அந்த வாசனையோடுதான் இன்றும் ஓட்டிக்கொண்டிருப்போம்.

குறைகளும் உண்டு. ஓடும்போது சத்தம் கூடியிருக்கிறது. கார்பெட் விழுங்கிய கடகடப்பெல்லாம் இப்போது காதுக்கு வருகிறது. டிசம்பரில் வெறுங்காலை வைத்தால் சில்லென்று ஏறும், செருப்பு வேண்டும். ஈரக் காலோடு படியேறினால் வழுக்கும். என் மனைவி ஒருமுறை வழுக்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தப்பினாள். மறுநாளே படி விளிம்பில் சொரசொரப்புப் பட்டை பதித்த அலுமினியச் சட்டம் போட்டேன். வயதானவர்கள் ஏறும் வண்டி என்றால் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

செலவு, இரண்டாவது தரைக்கு மட்டும், ஏறக்குறைய 110 சதுர அடிக்கு 580 டாலர். பலகை 330, மீதி பசை, பூச்சு, ஓரச்சட்டங்கள். எடையையும் பாருங்கள்: முதலில் போட்ட கனமான பலகை மொத்தம் 200 பவுண்டுக்கு மேல், இப்போதையது அதில் பாதிகூட இல்லை. வண்டி தாங்கும் எடை வரம்புக்குள்தான் நம் தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் அடங்க வேண்டும்.

வேலையில் இறங்குபவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். தரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டியும் கேஸ் குழாயும் ஒயரும் ஓடுகின்றன, நீள ஸ்க்ரூ இறக்காதீர்கள். சீட் பெல்ட் போல்ட்டுகளைத் தொடாதீர்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, அதனால்தான் கேஸ் கசிவு காட்டும் கருவியைத் தரையோரம் வைத்திருக்கிறார்கள். வசதிக்காக அதை மேலே ஏற்றிவிடக் கூடாது. வண்டி 1980-களுக்கு முந்தையது என்றால் கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் பழைய வினைலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதித்துவிட்டுத் தொடுங்கள்.

இந்த அக்டோபரில் மீண்டும் மோவாப் போனோம். ஐந்து இரவு. ராத்திரி படுக்கும் முன் ஜமக்காளத்தை வெளியே உதறி, தரையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் துணி சிவப்பாக வந்தது. மகள் ஐந்து இரவும் தும்மவில்லை. வாங்கும்போது எட்டுப் பலகைகள் கூடுதலாக எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தேன். ஹீட்டர் துளைக்கு இரண்டு போக, ஆறு இன்னும் அங்கேயே கிடக்கின்றன.