பாதியில் நின்ற இன்ஸ்டாலேஷனுக்கு மைக்ரோசாஃப்ட்டின் இலவசக் கருவி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

இன்ஸ்டால் செய்யப் போனால் பழைய பதிப்பை நீக்க முடியவில்லை என்கிறது. அன்இன்ஸ்டால் செய்யப் போனால் மூல ஃபைல் எங்கே என்று கேட்கிறது. இந்த இரண்டுங்கெட்டான் நிலைக்காகவே இருப்பதுதான் மைக்ரோசாஃப்ட்டின் 'புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் ட்ரபிள்ஷூட்டர்'. சின்ன ஃபைல், காசு கிடையாது, அதை இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். அதன் வேலை எல்லைக்குள் ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். ஆனால் அந்த எல்லை பலர் நினைப்பதைவிடச் சிறியது.

விண்டோஸ் இன்ஸ்டாலர் வழியாக, அதாவது எம்எஸ்ஐ பேக்கேஜாக வந்த மென்பொருள்களை மட்டுமே இது கவனிக்கும். இன்னோ செட்டப், என்எஸ்ஐஎஸ் போன்ற வேறு இன்ஸ்டாலர் தயாரிப்புக் கருவிகளால் கட்டப்பட்ட செட்டப் ஃபைல்களுக்கும், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்களுக்கும் இதனால் பயனில்லை. பாதியில் நின்ற கேமுக்கு இதை ஓட்டிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுப்பது நியாயமில்லை.

எம்எஸ்ஐ ஏன் இப்படிச் சிக்குகிறது? சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் ஒன்று உண்டு. இன்ஸ்டால் ஆன ஒவ்வொரு பேக்கேஜின் பிரதியும் அங்கேதான் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க அதைக் காலி செய்துவிட்டால் பிரச்சினை அடுத்த அப்டேட்டில்தான் தலைகாட்டும். புதிய பதிப்பு முதலில் பழையதை நீக்கப் பார்க்கும், அதற்கு அந்தப் பிரதி வேண்டும், அது இருக்காது. 1612, 1714 என்ற பிழை எண்களுக்கு வழக்கமான காரணம் இதுதான். பல மென்பொருள்கள் ஓடத் தேவையான பொது ஃபைல்களின் தொகுப்பான விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளில் இதை அடிக்கடி பார்க்கலாம். வெளியே ஒரே செட்டப்பாகத் தெரிந்தாலும் அதற்குள் 'மினிமம் ரன்டைம்', 'அடிஷனல் ரன்டைம்' என இரண்டு எம்எஸ்ஐ இருக்கின்றன. இரண்டில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் நின்றுவிடும்.

ஃபைலைத் திறந்ததும் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடாமல், முதலில் 'அட்வான்ஸ்டு' போய் 'அப்ளை ரிப்பேர்ஸ் ஆட்டோமேட்டிக்கலி' டிக்கை எடுத்துவிடுங்கள். எதைத் திருத்தப் போகிறது என்று பார்த்து ஒப்புதல் தரலாம். அடுத்து இன்ஸ்டாலிலா அன்இன்ஸ்டாலிலா சிக்கல் என்று கேட்கும். பிறகு வரும் பட்டியலில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் அதை நீக்கிப் பார்க்கும். முறைப்படி நீங்காவிட்டால், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும் அதன் பதிவுகளைத் துடைத்துவிடும். கையால் செய்தால் கண் கட்டும் வேலை இது. ரெஜிஸ்ட்ரியின் 'அன்இன்ஸ்டால்' கீயில் (ஃபோல்டர் போன்ற பகுதி) நேராக இருக்கும் புராடக்ட் கோடு, அதாவது மென்பொருளின் தனி அடையாள எண், 'இன்ஸ்டாலர் புராடக்ட்ஸ்' கீயில் எழுத்துகள் இடம் மாறி வேறு வடிவத்தில் இருக்கும். தேடினால் அகப்படாது.

பட்டியலில் பெயர் இல்லையென்றால் 'நாட் லிஸ்டட்' தேர்ந்தெடுத்து, வளைவு அடைப்புக்குறிகளோடு புராடக்ட் கோடைத் தர வேண்டும். அதை விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் 'வின்32 புராடக்ட்' கட்டளையால் எடுக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். செய்யாதீர்கள். அந்தக் கட்டளை இன்ஸ்டால் ஆகியிருக்கும் எல்லா எம்எஸ்ஐகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கும், சிலவற்றை ரிப்பேர் செய்யவும் கிளம்பும். ரெஜிஸ்ட்ரியில் 'அன்இன்ஸ்டால்' கீக்குள் மென்பொருளின் பெயரைத் தேடினாலே கோடு கிடைத்துவிடும். 32 பிட் மென்பொருளாக இருந்தால் 'வாவ்6432நோட்' என்பதற்குள் பாருங்கள்.

பெரிய குறை, கருவி வாய் திறப்பதில்லை. 'ஃபிக்ஸ்டு' அல்லது 'நாட் ஃபிக்ஸ்டு' என்பதோடு சரி. ஏன் நின்றது என்ற விளக்கம் அநேகமாக இருக்காது. இன்ஸ்டால் செய்யும்போது 1618 என்ற பிழை எண் வந்தால் வேறொரு இன்ஸ்டாலேஷன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியும்வரை பொறுங்கள், இல்லையேல் ரீஸ்டார்ட் செய்யுங்கள், கருவியே வேண்டாம். 1603 என்பது 'ஏதோ தோற்றது' என்ற பொதுப் பிழை. இன்ஸ்டால் ஆகும் ஃபோல்டரில் விண்டோஸின் உள் கணக்கான 'சிஸ்டம்' கணக்குக்கு முழு அனுமதி இல்லாததும், ஃபோல்டர் என்கிரிப்ட் ஆகியிருப்பதும் காரணமாகலாம். அங்கே ரெஜிஸ்ட்ரியைத் துடைத்துப் பயனில்லை. எம்எஸ்ஐ பேக்கேஜை ஓட்டும் எம்எஸ்ஐஎக்ஸெக் கட்டளையை, நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் விரிவான லாக் சுவிட்சோடு ஓட்டி, கிடைக்கும் லாக்கில் 'ரிட்டர்ன் வேல்யூ 3' என்று தேடுங்கள். அதற்குச் சற்று மேலே இருக்கும் வரிகளில் உண்மைக் காரணம் இருக்கும்.

இன்னொன்று: கருவி 'நீக்கியாயிற்று' என்றாலும் புரோகிராம் ஃபைல்ஸில் ஃபோல்டரும், சர்வீசஸ் பட்டியலில் அந்த மென்பொருளின் சர்வீஸும் (பின்னணியில் ஓடும் பகுதி) மிஞ்சலாம். மறு இன்ஸ்டாலுக்கு முன் ரீஸ்டார்ட் செய்து, மிஞ்சிய ஃபோல்டரின் பெயரை மாற்றி வையுங்கள். எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தபின் அழித்தால் போதும்.

இதற்கு முன்னோடியான 'விண்டோஸ் இன்ஸ்டாலர் கிளீனப்' கருவி மற்ற மென்பொருள்களையும் கெடுத்ததால் 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. இதுவும் எம்எஸ்டிடி (மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் டயக்னாஸ்டிக் டூல்) என்ற பழைய அடித்தளத்தில் ஓடுவது. அந்த அடித்தளத்தைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2023-ல் அறிவித்துவிட்டது. இறக்குவதாக இருந்தால் மைக்ரோசாஃப்ட்டின் சப்போர்ட் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஓட்டுவதற்கு முன், கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டும் போட்டுவிடுங்கள்.