மறதிக்கு எந்த மூலிகை: ஜிங்கோவா, நீர்ப்பிரமியா, கேலண்டமினா?

எழுபதைத் தாண்டிய என் அத்தை சாவியை வைத்த இடம் தெரியாமல் தேட ஆரம்பித்ததும் வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அமெரிக்காவிலிருந்து ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாற்று மாத்திரை வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி நீர்ப்பிரமியைச் சொன்னார். சரி, எது நிஜமாகவே உதவும் என்று உட்கார்ந்து படித்தேன்.

ஜிங்கோவுக்குத்தான் விளம்பரம் அதிகம், சோதனையும் அதிகம். அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் பாதிப் பேருக்கு தினமும் 240 மி.கி. ஜிங்கோ சாறும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, சுமார் ஆறு வருடம் பார்த்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. டிமென்ஷியா, அதாவது அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் மங்கும் நிலை, வந்தவர்கள் ஜிங்கோ குழுவில் 277 பேர், மற்றதில் 246 பேர். துளியும் தடுக்கவில்லை. பிரான்சில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வும் 2012-ல் இதையே சொன்னது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம் என்பேன். ரத்தக்கசிவு ஆபத்து பற்றி மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

கேலண்டமின் வேறு ரகம். குளிர்நாட்டு ஸ்னோடிராப் பூச்செடியின் கிழங்கிலிருந்து வந்தது. 1950-களில் பல்கேரியாவில் மருந்தாக வளர்ந்து, 2001-ல் அமெரிக்காவில் டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் நோய்க்கு அனுமதி பெற்றது. மூளையில் நினைவுக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சீக்கிரம் சிதைந்துவிடாமல் தடுக்கிறது. அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும், நோயைக் குணமாக்காது. குமட்டல், வாந்தி வரலாம், நாடித்துடிப்பு குறையலாம். முக்கியமான விஷயம்: லேசான மறதி மட்டும் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு ஆய்வுகளில் பலன் இல்லை, இறப்போ கூடுதலாக இருந்தது. அதனால் இது அத்தையைப் போன்றவர்களுக்கு உரியதல்ல.

நீர்ப்பிரமிக்கு வருவோம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பிரம்மி என்ற பெயரில் வடக்கே பல இடங்களில் வல்லாரையையும் விற்கிறார்கள். வட்ட இலை, விளிம்பில் பல் வெட்டு, துவையல் அரைப்பது வல்லாரை. சின்னச் சின்ன தடித்த இலையோடு ஈரத்தில் படர்வது நீர்ப்பிரமி. இரண்டும் வேறு செடிகள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 65 வயதைத் தாண்டிய 54 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஆய்வில், தினம் 300 மி.கி. நீர்ப்பிரமிச் சாறு எடுத்தவர்கள் சற்று முன் கேட்ட சொற்களை மற்றவர்களைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு, டிமென்ஷியாவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆனாலும் சாதாரண வயோதிக மறதிக்கு இந்த மூன்றில் எனக்கு நம்பிக்கை தருவது இதுதான். சிலருக்கு வயிற்றைக் கலக்கும். வாரக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

அப்புறம், அத்தைக்கு எதையும் வாங்கித் தருவதற்கு முன் ரத்தத்தில் தைராய்டும் பி12 வைட்டமினும் பார்க்கச் சொன்னார் மருத்துவர். பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறார். அது பி12-ஐக் குறைக்கக்கூடியது. நினைத்தபடியே குறைந்திருந்தது. இப்போது ஊசி போட்டு வருகிறோம். ஜிங்கோ டப்பாவை எடுத்து வைத்துவிட்டேன். நீர்ப்பிரமி பற்றி அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப் போகிறோம்.